காலையில ஒரு நோய், மத்தியானம் வேற நோய்: என் பீட்டில் கார் ஸ்டார்ட் ஆன கதை

ஆறு மாசமா என் வண்டியைக் கிளப்புறதுக்குன்னே ஒரு தனி பூஜை வெச்சிருந்தேன். சாவியைப் போட்டு, ஆக்சிலேட்டரை நாலு மிதி மிதிச்சு, செல்ஃப் அடிச்சு, பத்து வரைக்கும் எண்ணி, விட்டு, மறுபடி மிதிச்சு, மறுபடி அடிச்சு, நடுவுல சைலன்சர்ல ஒரு 'டப்', அப்புறம் எப்பவோ ரெண்டு சிலிண்டர்ல மட்டும் இருமிக்கிட்டு எழுந்திருக்கும். எழுந்துட்டா ராஜா, நாள் பூரா ஓடும். ஆனா போற இடத்துல நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சு வந்து சாவியைத் திருப்புனா 'க்ளிக்'னு ஒரே ஒரு சத்தம், அவ்ளோதான். செல்ஃப் சுத்தவே சுத்தாது. அரை மணி நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி சுத்தும்.

நான் இந்த ரெண்டையும் சேர்த்து "வண்டி ஸ்டார்டிங் ட்ரபிள்"னு ஒரே பேர் வெச்சு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஆறு மாசம் வீணாப் போனதுக்கு அந்த ஒரே பேர்தான் காரணம்.

வண்டி 1972 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார். 1600ன்னு சொல்லுவாங்க, கணக்கா சொன்னா 1584 சிசி, காத்துல ஆறுற நாலு சிலிண்டர் எஞ்சின், பின்னாடி இருக்கும், ரேடியேட்டர் கிடையாது, தண்ணி கிடையாது. பெட்ரோலையும் காத்தையும் கலந்து கொடுக்கற கார்ப்ரேட்டர், சோலெக்ஸ் 34 பிக்ட் 3, ஒண்ணே ஒண்ணு. பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கற சின்ன சுவிட்ச்), கண்டென்சர் வெச்ச பழைய இக்னிஷன்தான், அதுல வேக்குவம் இல்லாத 009 டிஸ்ட்ரிப்யூட்டரை (ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு அனுப்பறது) வண்டியை எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் மாட்டியிருந்தார். (இந்த கார்ப்ரேட்டரும் அந்த டிஸ்ட்ரிப்யூட்டரும் நல்ல ஜோடி இல்ல, மிதிச்ச உடனே ஒரு நொடி தயங்கும், ஆனா அது ஸ்டார்டிங் விஷயம் இல்ல, விட்ருங்க.) இதே 1972ல பிப்ரவரி 17ம் தேதிதான் பீட்டில் 1,50,07,034வது வண்டியைத் தொட்டு அதிக எண்ணிக்கையில தயாரான கார்ங்கற ஃபோர்ட் மாடல் டியோட சாதனையைத் தாண்டுச்சு. மெக்சிகோவுல பியூப்லா ஃபேக்டரியில கடைசி வண்டி 2003 ஜூலை 30ல இறங்குனப்போ மொத்த எண்ணிக்கை 2,15,29,464. இவ்ளோ வண்டி போட்டதால இன்னிக்கும் ஸ்பேர் எல்லாமே புதுசா கிடைக்குது. அது வரமா சாபமான்னு கீழ வர்ற கண்டென்சர் கதையைப் படிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

முதல்ல நான் பண்ண கூத்தைச் சொல்லிடறேன். ஒரே நாள்ல கார்ப்ரேட்டரைக் கழட்டி ரிப்பேர் கிட் போட்டு, ப்ளக் நாலும் மாத்தி, ப்ளக் வயர், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி, ரோட்டர், பாயிண்ட், கண்டென்சர், பெட்ரோல் பம்ப்னு எல்லாத்தையும் புதுசாக்கினேன். சாயங்காலம் கை பூரா கருப்பு, மனசு பூரா நிறைவு. சாவியைத் திருப்புனா முன்னைவிட மோசம். முன்னாடி இருந்த கோளாறுல எது போச்சு எது இருக்கு, புதுசா எது வந்துச்சுன்னு சொல்ல ஒரு வழியும் இல்லாம பண்ணிட்டேன்.

அப்போதான் சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டேன். அவர் இந்த எஞ்சினுக்குள்ளயே பாதி வாழ்க்கையைக் கழிச்ச ஆள்.

"சித்தப்பா, வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

"எப்போ ஆக மாட்டேங்குது?"

"எப்பவுமேதான்."

"எப்பவுமே ஆகலன்னா அதை நிறுத்தி வெச்சு பூந்தொட்டி ஆக்கிடுடா. ஒரு தடவையாவது ஆகுதுல்ல? எப்போ ஆகுது, எப்போ ஆகல, செல்ஃப் சுத்துதா சுத்தலையா, சுத்துனா வேகமா சுத்துதா இழுத்துக்கிட்டு சுத்துதா, எத்தனை நாள் நின்ன வண்டி, இதெல்லாம் ஒரு வாரம் எழுதிட்டு வா. ஸ்பேனரைத் தொடாத. கார்ப்ரேட்டரைக் கண்டிப்பா தொடாத."

"நேத்துதான் அதை முழுசா கழட்டினேன் சித்தப்பா."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் "கார்ப்ரேட்டர் கோளாறுல பாதி இக்னிஷன்ல இருக்கும்டா, மீதி பேட்டரியில இருக்கும்"னு சொல்லிட்டு வெச்சுட்டார்.

சரின்னு ஒரு வாரம் எழுதுனேன். எழுதிப் பார்த்தா அசிங்கமா இருந்துச்சு, ஏன்னா விடை அதுலயே இருந்துச்சு. ராத்திரி மட்டும் நின்ன வண்டி காலையில ஏழெட்டு நொடி அடிச்சா எழுந்திருக்குது. நாலஞ்சு நாள் நின்னா இருபது நொடிக்கு மேல. இந்த ரெண்டுலயும் செல்ஃப் சுத்துது, ஆனா கொஞ்சம் சோம்பேறித்தனமா. சூடான எஞ்சின்ல செல்ஃப்பே சுத்தல, க்ளிக் மட்டும். அது எல்லா தடவையும் நடக்கல, இருபது நிமிஷத்துக்கு மேல ஓட்டி நிறுத்துனா மட்டும். அப்புறம் ரெண்டு தடவை வேற மாதிரி: சூட்டுல செல்ஃப் நல்லா சுத்துது, எஞ்சின் பிடிக்கல, பெட்ரோல் வாடை மட்டும் குப்புனு வருது. ஆக ஒரு கோளாறு இல்ல, மூணு, நாலு இருக்கு, ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கிட்டு.

முதல்ல க்ளிக். ஏன்னா அது லேசு, செல்ஃப்பே சுத்தலன்னா பெட்ரோலும் இல்ல, ஸ்பார்க்கும் இல்ல, கரண்ட் மட்டும்தான். பீட்டில்ல பேட்டரி பின் சீட்டுக்கு அடியில. செல்ஃப் மோட்டார் அதுக்குப் பக்கத்துலயே கியர் பாக்ஸ்ல. ஆனா சாவி? முன்னாடி. பின்னாடி இருக்கற பேட்டரியிலேருந்து ஒரு மெல்லிசு வயர் முன்னாடி வரைக்கும் போய், சாவி சுவிட்ச்சுக்குள்ள நுழைஞ்சு, திரும்ப பின்னாடி வந்து செல்ஃப் மேல இருக்கற சொலினாய்டோட (செல்ஃப்பைத் தட்டி எழுப்பற காந்த சுவிட்ச்) 50ம் நம்பர் முனையில சேருது. ஐம்பது வருஷத்து வயர், ஐம்பது வருஷத்து கனெக்ஷன்கள், தேஞ்ச சுவிட்ச். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் வோல்டேஜ் கசிஞ்சு போகும்.

சரி, அப்போ ஆறியிருக்கும்போது மட்டும் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. செம்புக் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி சூட்டுக்கு சுமார் 0.4 சதவீதம் ஏறும். சொலினாய்டு எஞ்சின் சூட்டுலயும் சைலன்சர் சூட்டுலயும் வெந்து 60 டிகிரி கூடிச்சுன்னா அதோட சுருளோட ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட கால்வாசி ஏறிடும், அதுக்கேத்த மாதிரி கரண்ட் குறையும், காந்தம் பலவீனமாகும். பச்சைத் தண்ணி மாதிரி இருக்கும்போது எப்படியோ தள்ளிக்கிட்டு இருந்த சொலினாய்டு சூட்டுல கையைத் தூக்கிடுது. ஓட்டி நிறுத்துன பிறகு ஃபேன் காத்தும் நின்னுடுறதால, நிறுத்தி பத்து நிமிஷத்துலதான் சுத்தி இருக்கற பாகம் எல்லாம் உச்ச சூட்டுக்குப் போகுது. அதனாலதான் உடனே அடிச்சா சுத்துது, பத்து நிமிஷம் கழிச்சு அடிச்சா க்ளிக்.

மீட்டரை வெச்சேன். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6. சாவியை ஸ்டார்ட்ல பிடிச்சா 50ம் முனையில 8.1. நாலரை வோல்ட் வழியிலயே காணாமப் போயிடுச்சு. அடுத்த பரிசோதனை, இதை கவனமா பண்ணணும், கியர் நியூட்ரல்ல இருக்கான்னு ரெண்டு தடவை பார்த்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, செல்ஃப்ல இருக்கற 30ம் முனையையும் (பேட்டரியிலேருந்து நேரா வர்றது) 50ம் முனையையும் ஒரு பெரிய ஸ்க்ரூட்ரைவரால ஒரு நொடி தொட்டேன். செல்ஃப் உடனே சுத்துச்சு, அந்த சூட்டுலயே. ஆக மோட்டார் நல்லா இருக்கு, சொலினாய்டும் நல்லா இருக்கு, வர்ற வழிதான் கோளாறு. இதைத் தெரிஞ்சுக்காம நான் புது செல்ஃப் மோட்டார் ஆர்டர் போடப் பார்த்தேன்.

இதுக்கு வைத்தியம் ஒரு சாதாரண நாலு கால் ரிலே, அதாவது சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டைத் திறந்து விடற சுவிட்ச். சாவியிலேருந்து 50க்கு வந்த வயரைக் கழட்டி ரிலேயோட 86ல, 85ஐ எர்த்துல, செல்ஃப்போட 30ம் முனையிலேருந்து ஒரு ஃபியூஸ் போட்டு தடிச்ச வயரை ரிலேயோட 30ல, 87லேருந்து செல்ஃப்போட 50க்கு. இப்போ சாவி வழியா வர்ற நோஞ்சான் கரண்ட் ரிலேயை மட்டும் தட்டி எழுப்புனா போதும், பெரிய கரண்ட் பேட்டரியிலேருந்து ரெண்டடி வயர்ல நேரா போயிடும்.

மாட்டுன பிறகு க்ளிக் போச்சு. ஆனா சுத்துற வேகம் மட்டும் இன்னும் சோம்பலாவே இருந்துச்சு. சித்தப்பாகிட்ட சொன்னேன். "எர்த் பார்த்தியா?"ன்னார். பேட்டரி எர்த் போல்ட்டு பளபளன்னு இருக்கு சித்தப்பான்னேன். "அது பாடிக்கு வர்ற எர்த்து. எஞ்சினுக்கு எர்த் எங்கேருந்து வருது?"

அட ஆமா. எஞ்சினும் கியர் பாக்ஸும் ரப்பர் மவுண்ட்ல தொங்குது. ரப்பர் கரண்ட் கடத்தாது. பாடிக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல பின்னல் போட்ட ஒரு பட்டை இருக்கும், செல்ஃப் இழுக்கற மொத்த கரண்ட்டும் அந்தப் பட்டை வழியாத்தான் திரும்பிப் போகணும். வண்டிக்கு அடியில புகுந்து பார்த்தா அது பச்சை பூத்து, பாதி இழை அறுந்து, ஒரு பக்க போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் அடிச்சிருக்கு. மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை எஞ்சின் உடம்புலயும் வெச்சு யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, எனக்கு 1.3 வோல்ட் காட்டுச்சு. அது கிட்டத்தட்ட பூஜ்யத்துல இருக்க வேண்டிய இடம். புதுப் பட்டை போட்டு, ரெண்டு பக்கமும் இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டி மாட்டுனேன், 0.2க்கு இறங்குச்சு. செல்ஃப் சத்தமே மாறிடுச்சு, இழுத்து இழுத்து அழுதது போய் கலகலன்னு சுத்துச்சு.

இது சூட்டு க்ளிக்குக்கு மட்டும் இல்ல, காலைக் கோளாறுக்கும் பாதி மருந்துன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. ஸ்பார்க்குக்கு வோல்டேஜை ஏத்திக் கொடுக்கற காயிலும் அதே பேட்டரியிலதான் உயிர் வாழுது, அதுக்கும் எர்த் அதே எஞ்சின் உடம்புதான். செல்ஃப் கரண்ட்டை உறிஞ்சறப்போ காயிலோட 15ம் முனைக்கு வர்ற வோல்டேஜ் விழுந்துடும். என் வண்டியில அது 8க்குக் கீழ போயிட்டு இருந்துச்சு. காயிலுக்கு வோல்டேஜ் குறைஞ்சா ஸ்பார்க் சொங்கியா வரும், அதுவும் எஞ்சின் குளிர்ந்து பெட்ரோல் சரியா ஆவியாகாத நேரத்துல, அதாவது ஸ்பார்க் பலமா தேவைப்படற ஒரே நேரத்துல. சிலருக்கு ஒரு விஷயம் கவனத்துக்கு வந்திருக்கும்: செல்ஃப் அடிக்கும்போது பிடிக்காம, சாவியை விடற அந்தக் கடைசி நொடியில 'புர்ர்'னு பிடிக்கும். அது தற்செயல் இல்ல. சாவியை விட்டதும் செல்ஃப் நிக்குது, காயிலுக்கு முழு வோல்டேஜ் கிடைக்குது, எஞ்சின் இன்னும் அரை சுத்து சுத்திக்கிட்டு இருக்கு, அந்த ஒரு ஸ்பார்க்ல பிடிச்சுக்குது. உங்க வண்டி அப்படி எழுந்திருக்குதுன்னா கார்ப்ரேட்டரை மறந்துட்டு பேட்டரி, எர்த், வயர் பக்கம் போங்க.

அடுத்து ஸ்பார்க். ஒரு ப்ளக்கைக் கழட்டி வயர்ல மாட்டி உடம்பை எஞ்சின் மேல தொட வெச்சு செல்ஃப் அடிச்சுப் பார்த்தேன் (பக்கத்துல பெட்ரோல் வாடை இருந்தா இதைப் பண்ணாதீங்க). நல்ல ஸ்பார்க் நீலமா, கொழுப்பா, சத்தத்தோட வரும். என்னோடது ஆரஞ்சு கலர்ல நூல் மாதிரி, சில நேரம் வந்து சில நேரம் வராம. பாயிண்டைத் திறந்து பார்த்தா போட்டு ஒரு மாசம்கூட ஆகல, முகம் கரிஞ்சு ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடு. பாயிண்ட் இவ்ளோ சீக்கிரம் இப்படி எரிஞ்சா அது கண்டென்சரோட கையெழுத்து. பாயிண்ட் திறக்கும்போது தாவப் பார்க்கற கரண்ட்டை உறிஞ்சிக்கறதுதான் கண்டென்சரோட வேலை. அது செத்துட்டா தீப்பொறி ப்ளக்குல வராம பாயிண்ட்லயே வரும். புதுக் கண்டென்சர்! அந்தக் கூத்து நாள்ல மாட்டினது. நல்லவேளை பழசைத் தூக்கிப் போடல, டூல் பாக்ஸ் மூலையில கிடந்துச்சு, எடுத்து மாட்டுனேன், ஸ்பார்க் நீலமாச்சு. பழசு எத்தனை வருஷத்துதுன்னு யாருக்கும் தெரியாது. நான் அதுலேருந்து வெச்சிருக்கற ஒரே சட்டம், புது பார்ட் மாட்டுனாலும் வேலை செஞ்ச பழசை வண்டியிலயே ஒரு டப்பாவுல போட்டு வெக்கறது. கடையில புதுசா வாங்கினது நல்லதாத்தான் இருக்கும்ங்கற நம்பிக்கையில அதைச் சந்தேகிக்கவே தோணாது பாருங்க, அதுதான் ஆபத்து.

பாயிண்ட் கேப் (திறக்கும்போது வர்ற இடைவெளி) 0.4 மில்லிமீட்டர். பாயிண்டோட சின்ன நைலான் குதிகால் கேம் மேல உரசி உரசித் தேயும், தேய்ஞ்சா கேப் குறையும், கேப் குறைஞ்சா பாயிண்ட் லேட்டா திறக்கும், டைமிங் (ஸ்பார்க் வர்ற நேரம்) பின்னாடி போயிடும். அதனால எப்பவும் முதல்ல பாயிண்ட், அப்புறம் டைமிங், தலைகீழா பண்ணா பண்ணதெல்லாம் வீண். அந்தக் குதிகாலுக்கு ஒரு துளி கிரீஸ் வெக்காம விட்டா சீக்கிரம் தேயும், ஒரு துளிதான், அதிகமா வெச்சா பாயிண்ட் மேல தெறிச்சு அது வேற கதை. டைமிங்குக்கு 009ல நான் பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு 7.5 டிகிரி முன்னாடி வெச்சேன், ஒரு டெஸ்ட் லேம்ப் போதும், காயிலோட 1ம் முனைக்கும் எர்த்துக்கும் நடுவுல. இக்னிஷனைப் போட்டு கையால புல்லியைச் சுத்தி, பாயிண்ட் திறக்கற நொடியில லேம்ப் எரியும், அந்த நேரத்துல புல்லியோட வெட்டு, எஞ்சின் ரெண்டு பாதியும் சேர்ற கோட்டுக்கு நேரா இருக்கணும். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போற வரிசை, 1-4-3-2. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியோட வயரைக் கழட்டி மாட்டும்போது நான் ஒரு தடவை ரெண்டு வயரை மாத்திட்டு அரை நாள் அழுதிருக்கேன்.

இவ்ளோ பண்ணதுக்கப்புறம் காலையில ஏழெட்டு நொடி, மூணு நாலு நொடி ஆச்சு. நான் போதும்னு நினைச்சேன். சித்தப்பாதான் டேப்பட் (வால்வுக்கும் அதைத் தள்ளற கைக்கும் நடுவுல இருக்கற கேப்) பார்த்தியான்னு கேட்டார். "சத்தமே இல்ல சித்தப்பா, நல்லா அமைதியா ஓடுது"ன்னேன் பெருமையா. "அதான்டா பயம்"ன்னார்.

இந்த எஞ்சின்ல லேசா டிக் டிக்குனு சத்தம் வந்தா வால்வு மூடுதுன்னு அர்த்தம். சத்தமே இல்லன்னா கேப் மூடிப்போய் வால்வு முழுசா உக்காராம இருக்கலாம். ஓட ஓட வால்வும் அது உக்கார்ற சீட்டும் தேயறதால கேப் தானா இறுகும். வால்வு கொஞ்சம் திறந்தே இருந்தா அந்த சிலிண்டர்ல கம்ப்ரஷன் (உள்ள காத்து அழுந்தற அழுத்தம்) வராது, ஸ்டார்ட் பண்ண சிரமப்படும், அதைவிட மோசம் என்னன்னா வால்வு தன்னோட சூட்டை சீட்டுக்குக் கொடுக்கறதுதான் அது ஆறுற முக்கியமான வழி, சீட்டைத் தொடலன்னா வெந்து ஒரு நாள் தலை துண்டா உள்ள விழுந்து எஞ்சினையே முடிச்சுடும். கம்ப்ரஷன் கேஜ் வெச்சுப் பார்த்தேன், நாலு ப்ளக்கையும் கழட்டி, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு. மூணு சிலிண்டர் 115, 120 பிஎஸ்ஐ, முதல் சிலிண்டர் மட்டும் 85.

மூணாவது சிலிண்டர்தான் வம்பு பண்ணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, பழைய எஞ்சின்கள்ல ஆயில் கூலர் ஃபேன் கூண்டுக்குள்ளயே மூணாவது சிலிண்டருக்குப் போற காத்தை மறைச்சுக்கிட்டு நிக்கும், அதனால. 1971லேருந்து அதை வெளிய தள்ளி வெச்சுட்டாங்க. எனக்கு வம்பு பண்ணது ஒண்ணாவது. எக்ஸாஸ்ட் வால்வுல 0.05 ஃபீலர் தகடுகூட நுழையல. இருக்க வேண்டியது 0.15, இன்லெட், எக்ஸாஸ்ட் ரெண்டுமே. ராத்திரி முழுக்க ஆறுன எஞ்சின்லதான் பார்க்கணும், லேசா சூடு இருந்தாலும் அளவு பொய் சொல்லும். ஒண்ணாவது சிலிண்டர்ல ஆரம்பிச்சு, புல்லியைப் பின்னாடி பின்னாடி அரை சுத்து சுத்துனா 1, 2, 3, 4னு வரிசையா வந்துடும், முன்னாடி சுத்துனா 1, 4, 3, 2. எப்படியோ ஒண்ணு, குழப்பிக்காம இருந்தா சரி. கேப் சரி பண்ணதும் அந்த 85, 112 ஆச்சு. ஐநூறு கிலோமீட்டர் கழிச்சு திரும்ப பார்த்தேன், மாறல. மறுபடி இறுகியிருந்தா வால்வு நீண்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், ஹெட்டைக் கழட்டியிருக்கணும். அந்த ஐநூறு கிலோமீட்டரும் பின்னாடி வர்ற ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைக் கொடுத்துக்கிட்டுத்தான் ஓட்டினேன்.

கடைசியாத்தான் பெட்ரோல் பக்கம் வந்தோம், நான் முதல்ல போன இடம்.

நாலஞ்சு நாள் நின்னா மட்டும் இருபது நொடி ஏன்? ஏர் ஃபில்டரைத் தூக்கிட்டு கார்ப்ரேட்டர் தொண்டைக்குள்ள டார்ச் அடிச்சு, த்ராட்டிலைக் கையால இழுத்துப் பாருங்க. உள்ள ஒரு சின்ன குழாய்லேருந்து பெட்ரோல் பீச்சி அடிக்கணும். அடிச்சா கார்ப்ரேட்டருக்குள்ள பெட்ரோல் தேங்கி நிக்கற கிண்ணத்துல பெட்ரோல் இருக்கு. அடிக்கலன்னா கிண்ணம் காலி. எனக்கு ஒரு நாள் நின்னா பீச்சுது, அஞ்சு நாள் நின்னா சொட்டுகூட இல்ல. எஞ்சின் சூட்டுலயும் நாள் போக்குலயும் ஆவியாப் போயிடுது. திரும்ப நிரப்ப வேண்டியது எஞ்சின்ல இருக்கற மெக்கானிக்கல் பம்ப். அது டிஸ்ட்ரிப்யூட்டரைச் சுத்தற அதே தண்டுலேருந்து தள்ளு வாங்குது, அதாவது எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தள்ளு. செல்ஃப்ல எஞ்சின் நிமிஷத்துக்கு 150 சுத்து சுத்துதுன்னா 75 தள்ளு, பத்து நொடிக்கு பன்னிரண்டு பதிமூணுதான். நேரம் ஆகத்தான் செய்யும், அது கோளாறே இல்ல. ஆனா ஓஸ் எங்கயாவது விரிசல் விட்டு காத்து இழுத்தா இன்னும் மோசமாகும், எனக்கு பம்ப்புக்கு வர்ற ஓஸ் வளையற இடத்துல மயிரிழை விரிசல் இருந்துச்சு.

ஓஸ்னு வந்ததால ஒண்ணு சொல்லியே ஆகணும், ஸ்டார்டிங்கோட சம்பந்தம் இல்லன்னாலும். இந்த வண்டிகள் எரிஞ்சு போறதுக்கு பழைய பெட்ரோல் ஓஸ் ஒரு பெரிய காரணம். கார்ப்ரேட்டருக்குள்ள பெட்ரோல் நுழையற பித்தளைக் குழாய் சும்மா அழுத்திதான் சொருகியிருக்கும், வருஷம் ஆக ஆக லூஸாகி ஓஸோட சேர்ந்து கழண்டு வரும், பக்கத்துலயே டிஸ்ட்ரிப்யூட்டர். எஞ்சின் கேஸ் வேற மக்னீசியம் கலவை, பிடிச்சுதுன்னா தண்ணி ஊத்தி அணைக்கவும் முடியாது, ஊத்துனா இன்னும் ஆக்ரோஷமா எரியும். அந்தக் குழாயை விரலால திருகிப் பாருங்க. அசைஞ்சா வண்டியை எடுக்காதீங்க. ஓஸ் மேல துணி பின்னல் இருந்தா உள்ள விரிசல் வெளிய தெரியாது, வயசு தெரியலன்னா மாத்திடுங்க.

இப்போ சோக், அதாவது குளிர்ல காத்தைக் குறைச்சு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கற தகடு. எனக்கு இதுதான் கடைசி அவமானம். இந்த கார்ப்ரேட்டர்ல சோக்குக்குக் கம்பி கிடையாது, ஆட்டோமேட்டிக். பக்கவாட்டுல வட்டமா ஒரு டப்பா, உள்ள ரெண்டு உலோகம் ஒட்டுன சுருள் ஸ்ப்ரிங். குளிர்ந்திருக்கும்போது சுருண்டு தொண்டையை மூடும், இக்னிஷன் போட்டதும் கரண்ட்ல சூடாகி மெதுவா திறக்கும். ஆனா மூடறதுக்கு நீங்க ஆக்சிலேட்டரை ஒரு தடவை முழுசா மிதிச்சு விடணும், அப்போதான் படிக்கட்டு மாதிரி இருக்கற கேம் விடுபட்டு சோக் தகடு மூடும். ஒரு தடவை. நாலு தடவை இல்ல. நாலு தடவை மிதிச்சா நாலு பீச்சு பெட்ரோல் உள்ள போகுது, அவ்ளோதான்.

நான் மிதிச்சாலும் தகடு மூடல. டப்பாவைத் திறந்தா ஸ்ப்ரிங்கோட கொக்கி, சோக் தண்டோட கைப்பிடியில மாட்டாம பக்கத்துல சும்மா நிக்குது. கிட் போட்டப்போ நான்தான் அப்படி மூடியிருக்கேன். அதாவது அந்தக் கூத்து நாள்லேருந்து என் வண்டி சோக்கே இல்லாமதான் எழுந்துக்கிட்டு இருந்திருக்கு, பாவம். கொக்கியை மாட்டி, டப்பா மேல இருக்கற கோட்டை நடுக்கோட்டுக்கு நேரா வெச்சு மூணு ஸ்க்ரூவை இறுக்குனேன். சித்தப்பாகிட்ட இதைச் சொல்லவே இல்ல. இப்போ படிச்சுத் தெரிஞ்சுக்குவார்.

மிச்சம் இருந்தது அந்த சூட்டுல பெட்ரோல் வாடை. நிறுத்துன பிறகு கிண்ணத்துல இருக்கற பெட்ரோல் சூட்டுல கொதிச்சு தொண்டைக்குள்ள வழிஞ்சிடும், ஓவர்ஃப்ளோ. அதுக்கு வைத்தியம் கால்லதான் இருக்கு: ஆக்சிலேட்டரை மெதுவா அடி வரைக்கும் மிதிச்சு அப்படியே பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கணும், பம்ப் பண்ணக்கூடாது. காத்து நிறைய போய் ஈரத்தை உலர்த்தும், ஏழெட்டு சுத்துல பிடிக்கும், பிடிச்சதும் காலை எடுத்துடணும். பிடிச்சு உடனே ஐடிலிங்ல நின்னுபோனா கார்ப்ரேட்டர் பக்கத்துல இருக்கற கட்ஆஃப் சொலினாய்டை (ஐடிலிங் பெட்ரோலைத் திறந்து மூடறது) பாருங்க, இக்னிஷன் போட்டதும் டிக்குனு ஒரு சத்தம் வரணும், வரலன்னா வயர் கழண்டிருக்கும், இல்ல அது போயிருக்கும்.

இப்போ காலையில ஒரு மிதி, சாவி, ரெண்டு சுத்து, எழுந்துடுது. பக்கத்து வீட்டுக்காரர் "வித்துட்டீங்களா, சத்தமே கேக்கலையே"ன்னார். ஒரு வாரத்துக்கு மேல நிறுத்தி வெச்சா மட்டும் சின்ன சிரிஞ்சுல கொஞ்சம் பெட்ரோல் எடுத்து கார்ப்ரேட்டர் தொண்டைக்குள்ள தெரியற கிண்ணத்தோட காத்துக் குழாய் வழியா விட்டுடறேன், பேட்டரிக்கு அந்த இருபது நொடி மிச்சம். செத்துப்போன புதுக் கண்டென்சரை சிவப்பு டேப் சுத்தி தனியா வெச்சிருக்கேன், தப்பித் தவறிக்கூட திரும்ப மாட்டிடக்கூடாதுல்ல. அடியில புகுந்தப்போ புஷ்ராட் குழாய் ரெண்டுல ஆயில் சொட்டறதையும் பார்த்தேன். அதுக்கு இன்னும் சித்தப்பாவுக்கு ஃபோன் போடல.